எல்லாருக்கும் ‘வாங்க’

ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு மரியாதை தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஐந்து வயதில் அதற்கு எல்லாம் தெரியும். யாரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், யார் வந்தால் உட்கார்ந்தபடியே இருக்கலாம், யாரிடம் குரலைத் தாழ்த்த வேண்டும், யாரை அதட்டலாம் என்பதெல்லாம் அத்துப்படி. எங்கள் ஈரோடு மாவட்டத்துப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘ங்க’ வந்து விழும். வெளியூர்க்காரர்கள் கேட்டு மகிழ்ந்துபோவார்கள். அந்த ‘ங்க’ யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்று உள்ளூரில் இருந்து கேட்டவர்களுக்குத்தான் மீதி தெரியும். தலைமையாசிரியரிடம் “உள்ள வரலாங்களா?” என்று கேட்ட அதே வாய், வெளியே ஓடி, முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும் அறுபது வயது அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “ஏய், அந்தப் பந்தை எடு” என்னும்.

இதை யாரும் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்பா தோட்டத்து ஆளைக் கூப்பிடும் விதம் காதில் விழுகிறது. அப்பத்தா யாரைத் திண்ணையில் உட்காரச் சொல்கிறார், யாரை வாசலிலேயே நிறுத்திப் பேசுகிறார் என்பது கண்ணில் படுகிறது. பள்ளிக்கு வரும்போதே பிள்ளையின் கையில் ஒரு தராசு இருக்கிறது. ஆளைப் பார்த்து எடை போட்டுத்தான் அது மரியாதை கொடுக்கும். என் வேலைக்காலம் முழுவதும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில், பெரும்பாலும் ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளில் கழிந்தது. அத்தனை ஆண்டும் நான் செய்ய நினைத்தது அந்தத் தராசைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி வைப்பதுதான். எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுப்பதைவிட இது கடினம். ஏனென்றால் எழுத்து விஷயத்தில் வீடு நம் பக்கம் நிற்கும்.

அதிகாரி பார்வைக்கு வந்தால் வகுப்பே எழுந்து நின்று நீட்டி முழக்கிப் பாடும் ‘வணக்கம் ஐயா’வை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பயிற்சி. நன்றாகச் செய்தால் கேட்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எங்கிருந்து தொடங்குவது? பிள்ளையை நாம் கூப்பிடும் விதத்திலிருந்து என்பதுதான் என் பதில். எங்கள் பக்கத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளையை “வாங்க சாமி, ரெண்டு வாய் சாப்புடுங்க கண்ணு” என்று கொஞ்சுவார்கள். பெரியவர் சின்னவருக்கு ‘ங்க’ போடுவது இங்கே புதிதில்லை, பாசத்தோடு கூடவே வருவது. அதை நான் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். வருகைப் பதிவு எடுக்கும்போது முழுப்பெயர். கூப்பிடும்போது “வாங்க”, கொடுக்கும்போது “இந்தாங்க”. முதல் வாரம் பிள்ளைகள் சிரிப்பார்கள். சக ஆசிரியர்கள் “தலையில ஏறி உட்கார்ந்துக்கும்” என்பார்கள். அப்படி எந்தப் பிள்ளையும் ஏறி உட்காரவில்லை. காலனியிலிருந்து வந்த ஒரு சிறுமியை முதல்முறை “வாங்க கண்ணு” என்றதும் அவள் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பாட்டி வீட்டுக் கொஞ்சல் எல்லாப் பிள்ளைக்கும் கிடைப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஊரில் யார் வாயாலும் ‘ங்க’ கேட்டறியாத பிள்ளையும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும். மற்றப் பிள்ளைகள் முன்னால், ஆசிரியர் வாயால், அந்தப் பிள்ளைக்கும் அதே சொல் கிடைக்க வேண்டும். பாடம் அங்கே பாதி முடிந்துவிடும்.

பட்டப்பெயரை வகுப்பில் ஒருபோதும் விடக் கூடாது. கருப்பி, குண்டன், திக்குவாய் எல்லாம் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்தவை அல்ல, பெரியவர்கள் வைத்தவை. சில ஆசிரியர்கள் அடையாளத்துக்கென்று அதையே சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த வகுப்பில் அப்புறம் எந்த நீதிக்கதை சொன்னாலும் ஏறாது.

2007-08 கல்வியாண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. அதற்கு முன்பே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. ரிஷிவேலியில் உருவாக்கிய முறையைப் பார்த்து எடுத்தது. அட்டை, ஏணிப்படி, குழுத் தட்டு என்று அதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது பாய். ஆசிரியரும் தரையில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். கரும்பலகை சுவரின் அடியில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கட்டமாக இருக்கும். நாற்காலி போனால் மரியாதையும் போய்விடும் என்று அப்போது ஒன்றியம் முழுவதும் பேச்சு. எனக்கு நேர்மாறாகத் தெரிந்தது. நின்றுகொண்டு பேசுகிறவரின் முகத்தைச் சிறுபிள்ளை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்கு அந்த உயரமே பாதிப் பயம். கண்ணுக்கு நேராகக் கண் வந்த பிறகு பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தவற்றை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

ஆனால் பாயில் உட்கார்ந்தால் வேறொரு தொல்லை வரும். ஒரு பிள்ளைக்கு அட்டையைச் சொல்லிக்கொடுக்கும்போது ஐந்து பிள்ளை சேலையைப் பிடித்து இழுக்கும், “டீச்சர் டீச்சர்” என்று காதருகே கத்தும். “இருங்க, பேசிட்டிருக்கேன்ல” என்று அதட்டி அடக்கிவிடலாம். அதட்டினால் அடங்கும், ஆனால் காத்திருக்கக் கற்றுக்கொள்ளாது. இதற்கு வழி எனக்கு மரியா மாண்டிசோரியிடமிருந்து கிடைத்தது. அவர் நமக்கு அந்நியர் இல்லை. பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்து, 1939 நவம்பரில், 69 வயதில், ஆசிரியர் பயிற்சி நடத்தச் சென்னை அடையாறுக்கு வந்தவர். சில மாதத்தில் திரும்புவதாக இருந்தார். போரில் இத்தாலி இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவர் மகன் மரியோவைக் காவலில் வைத்தது, இவரால் ஊர் திரும்ப முடியவில்லை. மகனை விடுவித்த பிறகும் போர்க்காலம் முழுவதும் அடையாறு, கொடைக்கானல் என்று இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலில் சிறுபிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவருடைய முறையில் நாசூக்கும் பணிவுமான நடத்தைக்கென்றே தனிப் பயிற்சிகள் உண்டு. பேசிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவர் தோளில் மெதுவாகக் கை வைத்து நிற்பது, அவர் திரும்பியதும் பேசுவது. கத்திரிக்கோலை நீட்டும்போது கூர்முனை நம் உள்ளங்கையிலும் பிடி எதிராளி பக்கமும் இருப்பது. தரையில் ஒருவர் விரித்த பாயைத் தாண்டாமல் சுற்றிப் போவது.

பெரிய விஷயம் எதுவுமே இதில் இல்லை என்று தோன்றும். கற்றுக்கொடுக்கும் நேரத்தில்தான் சூட்சுமம். பிள்ளை தப்பு செய்த நேரத்தில் இதைச் சொல்லித்தரக் கூடாது. அப்போது அதற்கு அவமானம் மட்டும்தான் மனசில் நிற்கும். யாரும் எதுவும் செய்யாத, வகுப்பு கலகலப்பாக இருக்கும் ஒரு நேரத்தில், நாடகம் மாதிரி நடித்துக் காட்ட வேண்டும். இரண்டு பிள்ளை பேசிக்கொண்டிருப்பார்கள், மூன்றாவது பிள்ளை வந்து தோளில் கை வைக்கும். பிறகு ஆள் மாற்றி ஆடலாம். நான் பிள்ளையாக நடிப்பேன், ஒரு பிள்ளை டீச்சராக நடிக்கும், அதன் தோளில் நான் கை வைத்துக் காத்து நிற்பேன். இதற்குத்தான் போட்டா போட்டி நடக்கும். தோளில் கை விழுந்ததும் அந்தக் கையின் மேல் நம் கையை வைத்துவிட வேண்டும், ‘பார்த்துவிட்டேன், வருகிறேன்’ என்று அதற்குத் தெரிய. அதை மறந்தால் பிள்ளை மறுபடி கத்தத்தான் செய்யும். காத்திருக்கும் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதுதான் வகுப்பறையில் நடக்கும் முதல் மரியாதைக் குறைவு. அதைச் செய்வது பெரும்பாலும் பெரியவர்கள்.

இந்த நாடகத்தோடு நான் சேர்த்துக்கொண்டது நம் வீட்டுப் பழக்கம் ஒன்று. புத்தகத்தில் கால் பட்டால் பிள்ளைகள் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வீட்டில் பெரியவர் மேல் பட்டாலும் அப்படியே. பக்கத்துப் பிள்ளை மேல் பட்டால்? சிலர் செய்வார்கள். சில பிள்ளைகள் மேல் பட்டால் யாருமே செய்ய மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து படிக்கும் வகுப்பில் நாளெல்லாம் யார் காலாவது யார் மேலாவது படும். “யார் மேல பட்டாலும் தொட்டுக் கும்பிடணும், நான் உங்க மேல பட்டாலும் செய்வேன்” என்று வகுப்பில் ஒரு வழக்கமாக்கினேன். நான் செய்தும் காட்டினேன். ஒரு பிள்ளையைத் தொடுவதற்கே தயங்கிய விரல்கள், விளையாட்டாகத் தொடங்கி, ஒரு பருவம் முடிவதற்குள் தயக்கமில்லாமல் தொட்டன. ‘எல்லோரும் சமம்’ என்று கரும்பலகையில் எழுதிப் பத்து முறை வாசிக்கவைத்திருந்தால் இது நடந்திருக்காது.

கடினமான இடம் சமையல்கூடம். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் பணிகளுக்கு விதவைகளும் ஆதரவற்ற பெண்களும் முன்னுரிமையில் வந்தார்கள். பிள்ளையின் பசி தீர்ந்ததைப் பற்றி நாடே பேசியது. அந்தப் பசியைத் தீர்த்தவரைப் பிள்ளை எப்படிக் கூப்பிட்டது என்று யாரும் கேட்கவில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் சமையல் உதவியாளராக இருந்த அம்மாவை இரண்டாம் வகுப்புப் பையன்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்பார்கள். அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் கேட்டதற்கு அந்த அம்மா, “வுடுங்க டீச்சர், பொறந்ததுல இருந்து கேட்டுப் பழகுன காதுதானுங்களே” என்றார்.

நான் வகுப்பில் உபதேசம் செய்யவில்லை. ஒரு நாள் காலை கணக்கு நேரத்தில் அவரை உள்ளே வரச் சொல்லி, எல்லார் முன்னாலும் “வாங்க அக்கா, உட்காருங்க” என்று என் பக்கத்தில் பாயில் உட்காரவைத்தேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி. பத்துப் பிள்ளைக்கு எவ்வளவு? நாற்பது பேர் வந்தால்? இன்றைக்கு மூன்று பேர் வரவில்லையே, எவ்வளவு குறைக்க வேண்டும்? அவர் எடைக்கல் இல்லாமல் படியால் அளந்து காட்டினார். உலை எப்போது கொதித்தது என்று மூடியின் சத்தத்தை வைத்துச் சொன்னார். முட்டை வேகும்போது வெடிக்காமல் இருக்க என்ன செய்கிறார் என்று சொன்னார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். தினமும் நாம் சாப்பிடுவதற்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். பிறகு வாரத்தில் ஒரு நாள் அவர் கணக்குப் பாடத்துக்கு வருவது வழக்கமாயிற்று. பாடம் சொல்லித்தருகிறவரை எப்படிக் கூப்பிடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ‘பெரியம்மா’ என்று ஆரம்பித்தது யாரென்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் வரிசையில் நின்று “போதுங்க பெரியம்மா” என்று கேட்டது.

வீடுகளில் இது எதிரொலிக்காமல் இருக்குமா? ஒரு தகப்பனார் மகனை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏனுங்க டீச்சர், பையன் ஊட்டுல வந்து அவளை ‘வந்தாங்க, சொன்னாங்க’ங்கறான். எங்கம்மா அழுவாத கொறைதான். இதெல்லாமா பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறது?”

“அவங்க தினமும் உங்க பையனுக்குச் சோறு போடறவங்க. வயசு உங்கம்மா வயசு இருக்கும். பையனுக்குப் பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசச் சொல்லிக் குடுங்கன்னு பள்ளியில சேர்க்கறப்ப நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“பெரியவங்கன்னா… அது வேறைங்க.”

“எப்படி வேறைன்னு பையனுக்குச் சொல்லுங்க. நானும் கேட்டுக்கறேன்.”

பையன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் சொல்லவில்லை. பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஜூனில் அந்தப் பையன் வேன் வரும் பள்ளி ஒன்றுக்கு மாறிவிட்டான். நான் அன்று பேசியதுதான் காரணமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் ஒன்றை, எதிரே நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் காரணம் சொல்லி விளக்கச் சொன்னால் அவர்களால் முடிவதில்லை என்பதைப் பிறகும் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டுவிட வேண்டும், கோபப்படாமல்.

மாறாத பிள்ளைகளும் உண்டு. பள்ளிக்குள் ‘பெரியம்மா’, கேட்டைத் தாண்டினால் பழையபடி பேர். ஏழு வயதில் இரண்டு நாக்கு வைத்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறது. இதைத் தோல்வி என்று நான் எழுதிவைக்கவில்லை. இன்னொரு விதமாகவும் கூப்பிடலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கு அந்த வயதில் அது தெரியாது. ஆனால் பொறுமைக்கும் அளவு உண்டு. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் பள்ளியில் சமைக்கக் கூடாதென்று ஊரில் ஒரு பகுதியினர் எதிர்த்ததும், அவருக்கு இடமாற்றல் போட்டதும், எதிர்ப்பு வந்த பிறகு அதை ரத்து செய்ததும் செய்தித்தாளில் வந்தது. வரிசையில் நின்று எதிர்த்த பெரியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தவர்கள்தான். அங்கே யாரோ ஓர் ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பார்.

பிரம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க” என்று பெற்றோர் சொல்வது அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. பயந்த பிள்ளை அடங்கியிருக்கும். ஆசிரியர் வெளியே போனதும் தனக்குக் கீழே யார் என்று தேடும்.

மன்னிப்பு கேட்கவைப்பதில் எனக்குத் தனிக் கருத்து உண்டு. “சாரி சொல்லு” என்றால் பிள்ளை “சாரி” என்று கத்திவிட்டு ஓடிவிடும். ஐந்து வயதுக்கு அந்தச் சொல்லால் ஒன்றும் ஆகாது. கைக்கு வேலை கொடுத்தால்தான் மனசு திரும்பும். சிலேட்டைத் தட்டிவிட்டாயா, எடுத்துத் துடைத்துக் கொடு. அழவைத்தாயா, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார். உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் பேச ஆரம்பித்துவிடும். வார்சாவில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் அங்கே பிள்ளைகளே நடத்தும் நீதிமன்றம் ஒன்றை வைத்திருந்தார். பிள்ளைகள்தான் நீதிபதிகள். அதன் சட்டத் தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் குற்றத்தை விட்டுவிடுவதற்கும் மன்னிப்பதற்கும் ஆனவை. நூறாவதிலிருந்துதான் கண்டிப்பு ஆரம்பிக்கும். பெரியவர்கள் மேலும் அங்கே வழக்குப் போடலாம், கோர்ச்சாக் மேலேயே போட்டிருக்கிறார்கள், அவரும் போய் நின்றிருக்கிறார். மதிப்புப் பெறுவது குழந்தையின் உரிமை என்று 1929-இல் புத்தகம் எழுதியவர் அவர். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்த இல்லத்துப் பிள்ளைகளைக் கொல்லக் கொண்டுபோனபோது, தப்பிக்க வழி இருந்தும் பிள்ளைகளோடு அவரும் போனார். பிள்ளையை மதிப்பது என்றால் என்ன என்பதற்கு இதற்கு மேல் ஒருவர் சொல்ல ஏதும் இல்லை.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. ‘பெரியவங்க சொன்னா கேட்கணும்’ என்பதை மரியாதைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும். இந்த ஒரு வாக்கியம் பிள்ளைகளுக்குச் செய்திருக்கும் கேடு கொஞ்சமில்லை. பிள்ளையிடம் தவறாக நடக்கிறவர் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்த பெரியவராகவே இருப்பார், பிள்ளை ‘வாங்க’ சொல்லிப் பழகிய ஒருவராகத்தான் இருப்பார். 2012-இல் போக்சோ சட்டம் வந்த பிறகு பள்ளிகளில் தொடுகை பற்றிப் பேசுகிறோம், 1098 எண்ணைச் சுவரில் எழுதிவைக்கிறோம். ஆனால் பெரியவருக்கு மறுத்துப் பேசுவதே அவமரியாதை என்று வளர்ந்த பிள்ளைக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

அதனால் என் வகுப்பு நாடகங்களில் மறுப்பதற்கும் ஒரு காட்சி உண்டு. மாமா கன்னத்தைக் கிள்ளுகிறார், பிடிக்கவில்லை. என்ன சொல்வது? “வேண்டாங்க.” மாமா சிரித்துக்கொண்டே மறுபடி வருகிறார். ஓரடி பின்னால் போய், கையை முன்னால் நீட்டி, சத்தமாக “வேண்டாங்க”. அதற்கும் கேட்கவில்லை என்றால் ‘ங்க’வைக் கழற்றிவிடலாம், கத்தலாம், ஓடலாம், நம்பும் ஆளிடம் சொல்லலாம். அங்கே மரியாதை பார்க்க வேண்டியதில்லை என்று நான் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்வேன். பயிற்சியில் மாமாவாக நானே நடிப்பேன். பிள்ளை “வேண்டாங்க” சொன்னதும் கையை எடுத்துக்கொண்டு “சரிங்க” என்பேன். அந்த “சரிங்க”வைக் கேட்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். தான் சொன்ன சொல்லுக்கு ஒரு பெரிய ஆள் நின்றுபோவதை அவர்கள் அதற்கு முன் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். பார்வைக்கு வந்த ஓர் அதிகாரி பாசமாக ஒரு பையனைத் தூக்கப் போனார். அவன் ஓரடி பின்வாங்கி “வேண்டாங்க” என்றான். தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. அதிகாரி நல்ல மனிதர், “சரிங்க தம்பி” என்று கையைக் கட்டிக்கொண்டார்.

இப்போது காலை உணவுத் திட்டம் வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்தது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், பல இடங்களில் அதே பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார், வந்து சமைக்கிறார்கள். இதனால் ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது. சமைப்பவரும் பெற்றோராக இருப்பதால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அவர் உட்காரலாம். நான் பார்த்த கூட்டங்களில் நாற்காலி சிலருக்கு, சுவரோரம் நிற்பது சிலருக்கு என்றுதான் தானாக அமையும். யாரும் நிற்கச் சொல்லவில்லை என்பார்கள். உட்காரவும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டத்துக்கு முன்பே ஆள் எண்ணிக்கைக்கு நாற்காலி எண்ணிப் போட்டு, வருகிற ஒவ்வொருவரையும் வாசலிலேயே “வாங்க” என்று அழைத்து உட்காரவைக்கும் வேலையை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்று இளம் ஆசிரியர்களிடம் சொல்லிவருகிறேன். ஒரு பள்ளியில் அப்படிச் செய்தார்கள். சமையல் செய்யும் பெண் முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்து, குழாயில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வருவதில்லை, பிள்ளைகளுக்கு நேரத்துக்கு உப்புமா எப்படித் தர முடியும் என்று ஊராட்சித் தலைவரிடம் நேராகக் கேட்டார். அந்த வாரத்திலேயே தொட்டி கட்ட ஆள் வந்தது.